கரடி, பாண்டா, பூனைக்குட்டி: ஹேக்கர்களுக்கு ஏன் இந்தக் கார்ட்டூன் பெயர்கள்?

ஃபேன்ஸி பேர், கோஸி பேர், சார்மிங் கிட்டன். கேட்டால் குழந்தைகள் சேனல் மாதிரி இருக்கும். ஆனால் 2015-16-இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுக் கணினிகளுக்குள் புகுந்ததாகச் சொல்லப்படுவது இந்த இரண்டு கரடிகள்தான்.

இந்தப் பெயர்களை ஹேக்கர்கள் வைத்துக்கொள்வதில்லை. அவர்களைத் துரத்தும் சைபர் பாதுகாப்பு நிறுவனங்கள் வைப்பவை. இந்த விலங்குப் பெயர்களை வைத்த 'கிரவுட்ஸ்டிரைக்' நிறுவனத்தின் கணக்கு ரொம்ப சிம்பிள். பெயரின் பின்பாதி நாட்டைச் சொல்லிவிடும். கரடி ரஷ்யா, பாண்டா சீனா, பூனைக்குட்டி இரான், சிறுத்தை பாகிஸ்தான். புலி? நாமேதான். வடகொரியாவுக்கு அந்நாட்டுக் கதைகளில் வரும் சிறகு முளைத்த குதிரை, 'சொல்லிமா'. அரசு எதையும் சாராமல் காசுக்காகத் திருடும் கும்பல்கள் எல்லாம் சிலந்தி. (எங்கேயோ கேட்ட கம்பெனி பெயரா இருக்கே? 2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையோடு உட்கார வைத்த அப்டேட் இவர்களுடையதுதான்.)

பெயர் எதற்கு?

தாக்குதல் நடந்ததும் யார் செய்தது என்று தெரியாது. அதே மால்வேர், அதே சர்வர், அதே பாணி திரும்பத் திரும்பத் தென்பட்டால், 'இது ஒரே கும்பல்' என்று மூட்டை கட்டி லேபிள் ஒட்டுவார்கள். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் கிடைக்கும் தடயம் வேறு, ஒட்டும் லேபிளும் வேறு. ஃபேன்ஸி பேர்தான் மாண்டியன்ட்டுக்கு 'ஏபிடி28'. மைக்ரோசாஃப்டுக்கு முன்பு 'ஸ்ட்ரான்டியம்'. 2023 ஏப்ரலில் வேதியியலை விட்டு வானிலைக்கு மாறியதும் 'ஃபாரஸ்ட் பிளிஸார்டு'. நடுராத்திரி அலர்ட் வரும்போது இதெல்லாம் ஒரே ஆள்தானா என்று தேடிக்கொண்டிருப்பது தமாஷ் இல்லை. யாருக்கு யார் என்ற பொருத்தப் பட்டியலை மைக்ரோசாஃப்டும் கிரவுட்ஸ்டிரைக்கும் சேர்ந்து அறிவித்தது 2025 ஜூனில்தான். ரொம்ப லேட்.

நமக்கு என்ன?

2019-இல் கூடங்குளம் அணுமின் நிலைய நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் மால்வேர் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் அந்த நெட்வொர்க்கில் இல்லை என்றும் சொன்னது. ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட மால்வேர் 'டிட்ராக்'. அதை வடகொரியாவின் 'லாசரஸ்' குழுவோடு இணைக்கிறார்கள்.

பாகிஸ்தானோடு தொடர்புபடுத்தப்படும் 'மிதிக் லெப்பர்ட்', அதாவது ஏபிடி36, இந்திய அரசு, ராணுவ ஊழியர்களைக் குறிவைக்கிறது. 2025-இல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அந்தச் சம்பவத்தின் பெயரிலேயே போலி அரசு ஆவணங்களைச் சுற்றுக்கு விட்டது. திறந்து உள்ளே இருக்கும் லிங்கைத் தட்டினால், அசல் போலவே ஒரு லாகின் பக்கம். பாஸ்வேர்டு டைப் செய்தால் சிறுத்தைக்குப் போய்விடும்.