எடுக்கப்படாத மூன்றாம் படம்: 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' கேமைத் திரும்ப விளையாடுதல்

1984 இல் இவான் ரைட்மனின் இயக்கத்தில் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' வந்தது. நியூயோர்க்கில் பேய் பிடிப்பதையே ஒரு தொழிலாக நடத்தும் நாலு பேரின் கதை. 1989 இல் இரண்டாம் பாகம். அதுக்குப் பிறகு மூன்றாம் பாகம் வருது, வருது எண்டு வருசக்கணக்காகக் கதைத்தார்கள். டான் அய்க்ரோய்ட் கதை எழுதியும் பார்த்தார். பில் மரே பிடிகொடுக்கவில்லை. படம் வரவில்லை. 2009 ஜூனில் ஒரு வீடியோ கேம்தான் வந்தது.

அந்த ஜூனில் எங்கட வீடுகளில் கேம் பற்றிக் கதைக்கிற நிலைமை இருக்கவில்லை. 2019 இல் அது ரீமாஸ்டர் ஆனபடியால்தான் எங்களுக்கும் கிடைத்தது. இப்ப திரும்ப விளையாடிப் பார்க்கிறபோது நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: எடுக்கப்படாத அந்த மூன்றாம் படம் இதற்குள் இருக்கிறது.

படத்தை வைத்து வரும் கேம்கள் பெரும்பாலும் படத்துக்கான விளம்பரம்தான். படம் வெளியாகும் திகதிக்காக அவசரமாகச் செய்து முடிப்பார்கள். இந்தக் கேமுக்கு விற்றுக்கொடுக்க ஒரு படமும் இருக்கவில்லை. முதல் இரண்டு படங்களையும் எழுதிய அய்க்ரோயிடும் ஹரோல்ட் ராமிஸும் இதன் எழுத்திலும் பங்கெடுத்தார்கள். மரே, ஏர்னி ஹட்சன் உட்பட நாலு பேரும் தங்கட பாத்திரங்களுக்குத் தாங்களே குரல் கொடுத்தார்கள்.

கதை 1991 இல் நடக்கிறது. நாங்கள் பெயரில்லாத ஒரு புது ஆள். வேலை பழக வந்தவர். முதல் படத்தில் ஐவோ ஷாண்டோர் என்ற கட்டடக் கலைஞரின் பெயர் ஒரு சிறைக் காட்சியில் வந்து போகும். கேம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையையும் அவருடைய ஆவியின் மேல் கட்டுகிறது. செட்ஜ்விக் ஹோட்டல் மண்டபத்தில் பேயைக் கதிரால் இழுத்து, தரையில் அடித்து, பொறிக்குள் தள்ளும்போது மேசை, விளக்கு எல்லாம் நொறுங்கும். எத்தனை டொலர் நட்டம் எண்டு கேம் கணக்கும் வைக்கும். படத்தின் நகைச்சுவை கைக்குள் வந்துவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் கைதட்டி ஏற்கத் தேவையில்லை. 1984 படத்தில் வில்லத்தனம் செய்பவர் வோல்டர் பெக் என்ற சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரி. அது ரேகன் காலம். அரசாங்கம் தொழில்களில் தலையிடக்கூடாது என்ற குரல் ஓங்கியிருந்தது. கேமில் பெக் திரும்ப வருகிறார், இந்தமுறை பேய்பிடிகாரரைக் கண்காணிக்கும் குழுவின் தலைவராக. அமெரிக்க வங்கிகள் போதிய கண்காணிப்பில்லாமல் சரிந்து ஒரு வருசம்கூட ஆகாத நேரத்தில், கேம் அதே பழைய பகிடியை ஒரு கேள்வியும் இல்லாமல் திரும்பச் சொல்கிறது. பழைய படத்தை நேசிப்பதில் இப்படி ஒரு பொறியும் இருக்கு.

இந்தக் கேமும் காணாமல் போகப் பார்த்தது. 2008 இல் விவெண்டி கேம்ஸும் அக்டிவிஷனும் ஒன்றிணைந்தபோது, புது நிறுவனம் இதை வெளியிடாமல் கைவிட்டது. பிறகு அட்டாரி எடுத்து வெளியிட்டது. கேமை உருவாக்கிய டெக்சாஸின் டெர்மினல் ரியாலிட்டி 2013 இல் மூடப்பட்டது. 2014 பெப்ரவரியில் ராமிஸ் காலமானார்.

ஆகவே சேபர் இன்டரக்டிவ் 2019 இல் செய்த ரீமாஸ்டர் வெறும் மெருகூட்டல் அல்ல. பிரதி எடுக்காவிட்டால் செல்லரித்துப் போகும் ஏட்டைத் திரும்ப எழுதி வைப்பது போன்ற வேலை. பிரதி எடுக்கும்போது விடுபடுகிறவையும் உண்டு. இடையிடையே வரும் காட்சித் துண்டுகள் மங்கலாகவே இருக்கின்றன. அதைவிடப் பெரிய இழப்பு, மூலத்தில் இருந்த பலர் சேர்ந்து விளையாடும் பகுதி இதில் இல்லை. 2009 இல் நண்பர்களாகச் சேர்ந்து பேய் பிடித்தவர்களின் அனுபவத்துக்கு இந்தப் பிரதியில் இடமில்லை. எதைக் காப்பாற்றுவது என்பதை முடிவெடுப்பவர் விளையாடியவர் அல்ல, உரிமை வைத்திருப்பவர்தான்.

2021 இல் 'ஆப்டர்லைஃப்' படம் வந்தது. அதிலும் ஷாண்டோர் வருகிறார், ஆனால் வேறொரு முடிவோடு. கேம் சொன்ன கதையோடு அது ஒத்துப்போகவில்லை. இனி உத்தியோகபூர்வ வரிசையில் கேமுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. உத்தியோகபூர்வ வரிசையில் இல்லாத ஆவணம் பொய்யான ஆவணம் ஆகிவிடாது. 'ஆப்டர்லைஃப்' படத்தில் வரும் ஈகன், கணினியால் உருவாக்கிய முகம் மட்டும்தான். ராமிஸ் உயிரோடிருந்து, தன் குரலில், ஈகனாகக் கடைசியாக நடித்தது இந்தக் கேமில். 1984 படத்தை ஒருக்காப் பார்த்துவிட்டு இதை விளையாடுங்கள். இடையிடையே சண்டையை விட்டு, நாலு பேரும் தங்களுக்குள் கதைக்கிறதை நிண்டு கேளுங்கள்.