வந்த கம்பனியும் போன கம்பனியும்: மோட்டார் ராலிப் போட்டி தரும் பாடம்

சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது நம் முன்னோர் வாக்கு. பெருந்தொகைப் பணத்தைச் செலவிட்டு, தான் செய்த கார்களைச் சேற்றிலும் பனியிலும் கல்லிலும் ஓடவிட்டு, அவற்றுட் பலவற்றை உடைத்தும் கொள்கிறது ஒரு மோட்டார்க் கம்பனி. அதற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும். அதே கம்பனி, வெற்றி மாலை வாடுமுன்னரே, ஒருநாட் காலையில் அறிக்கை ஒன்றை வெளியிட்டுவிட்டுப் போட்டியை விட்டு அகன்றுவிடுகிறது. அதற்கும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். "தேயிலைத் தோட்டத்தில் வாழும் நமக்கு இக்கதை எதற்கு?" எனப் பெரியோர் சிலர் வினவலாம். வாசித்து முடித்தபின் அவ்வினாவுக்கு அவர்களே விடை காண்பார்கள் என நம்புகிறோம்.

மோட்டார்ப் போட்டி நம் மலைநாட்டுக்குப் புதிதன்று. சித்திரை மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் என்பதும், அக்கொண்டாட்டத்தில் மோட்டார்ப் போட்டிக்கும் ஓர் இடமுண்டு என்பதும் யாவரும் அறிந்ததே. மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. தேயிலை மலையூடே வளைந்து வளைந்து ஏறும் வீதியில் ஒவ்வொரு வண்டியாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் முறை அது. கிரகரி வாவியோரத்தில் நடக்கும் வீதியோட்டமும் பெயர் பெற்றதே. ஆனால் இவையெல்லாம் வண்டிச் சொந்தக்காரர் தத்தம் ஆசைக்காகத் தத்தம் செலவில் ஓடும் போட்டிகள். கார் செய்யும் கம்பனியே தன் பெயரைப் பணயம் வைத்து இறங்கும் களம் வேறு. அதுவே ராலி எனப்படும்.

ராலி என்பது வட்டமான ஓடுபாதையில் பல கார்கள் ஒன்றையொன்று துரத்தும் ஓட்டமன்று. காட்டு வழியும் மலை வழியும் ஊர் வீதியுமே அதன் களம். ஒரு வண்டியில் இருவர். ஒருவர் சாரதி, மற்றவர் முன்கூட்டி எழுதிய குறிப்பைப் படித்து, வரப்போகும் வளைவையும் பள்ளத்தையும் உரைக்கும் துணைவர். குறித்த தூரத்தை யார் குறைந்த நேரத்திற் கடந்தார் என்பதே கணக்கு. இராகலைக்கோ மஸ்கெலியாவுக்கோ மழை நாளில் லொறி ஓட்டிச் செல்லும் நம் தோழர்க்கு இதன் கடினத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதன் தொடக்கமே வியாபாரந்தான். 1911இல் மொனாக்கோ என்னும் சிற்றரசு, மாரிகாலத்திற் செல்வரைத் தன்பால் ஈர்க்க எண்ணி, ஐரோப்பாவின் பல நகரங்களினின்றும் கார்கள் வந்து கூடும் மொன்டி கார்லோ ராலியைத் தொடங்கிற்று. ஊர் தன் பெயரைப் பரப்பப் போட்டியைப் பயன்படுத்தியது. பின்னர்க் கம்பனிகள் தம் பெயரைப் பரப்ப அதனைப் பயன்படுத்தின. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் மினி கூப்பர் என்னும் சின்னஞ்சிறு கார் அப்போட்டியில் வென்றபோது அதன் புகழ் உலகெங்கும் பரந்தது. ஆனால் நடந்ததென்ன? 1968இல் அதனைச் செய்த கம்பனி வேறொன்றோடு இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆயிற்று. புதிய நிர்வாகம் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தது. 1970இல் அபிங்டனிலிருந்த போட்டிப் பிரிவே மூடப்பட்டது. வென்ற கார் இருந்தது. அதனை ஓட்டுவிக்கும் மனந்தான் இல்லை.

கிழக்கு ஆபிரிக்காவைப் பார்ப்போம். 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவையொட்டித் தொடங்கிய சபாரி ராலி கென்யா, உகண்டா, தங்கனிக்கா நாடுகளின் செம்மண் வீதிகளில் ஓடியது. 1963இல் புறப்பட்ட 84 வண்டிகளுள் முடிவை எட்டியவை ஏழே ஏழு. அவற்றுள் முதலில் வந்தது பீஜோ 404. அக்கார் 1966, 1967, 1968 ஆண்டுகளிலும் தொடர்ந்து வென்றது. கரடுமுரடான வழியில் எது நிலைக்கும் என்பதை அறிய ஆபிரிக்க மக்கள் விளம்பரத்தைப் பார்க்கவில்லை, சபாரியைப் பார்த்தார்கள். இதனை உணர்ந்த யப்பானியர் தம் டட்சன் கார்களோடு வந்து 1970, 1971, 1973 ஆண்டுகளில் வென்றனர். உலகச் சந்தையில் கால் பதிக்க விரும்பிய அவர்க்கு அது வாசற்படியாயிற்று. அங்கே குடியேறிய இந்திய மக்களின் பிள்ளைகளும் சாரதிகளாய்ப் புகழ் பெற்றனர். ஜோகிந்தர் சிங் 1965, 1974, 1976 ஆண்டுகளில் மூன்று முறை வென்றார். சேகர் மேத்தா ஐந்து முறை வென்றார். கடல் கடந்து சென்றோர் வழிவந்த நமக்கு இச்செய்தி பெருமை தருவதன்றோ?

1973இல் உற்பத்தியாளர்க்கான உலகச் சம்பியன் பட்டம் ஏற்படுத்தப்பட்டது. அதன்பின் கம்பனிகளின் வரவும் செலவும் வேகமடைந்தன. இத்தாலியின் லான்சியா ஸ்ராற்றோஸ் கார் 1974 முதல் 1976 வரை மூன்றாண்டு தொடர்ந்து பட்டம் பெற்றது. ஆயினும் லான்சியாவின் சொந்தக்காரரான பியற் கம்பனிக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஸ்ராற்றோஸ் சிலரே வாங்கும் விநோத வண்டி. கம்பனி விற்க விரும்பியதோ குடும்பத்தார் வாங்கும் 131 என்னும் சாதாரண கார். ஆகவே வெற்றி வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, 131ஐ முன்னுக்குக் கொணர்ந்து, 1977, 1978, 1980 ஆண்டுகளிற் பட்டம் பெற்றனர். வெற்றி வேறு, விற்பனை வேறு என்பதும், இரண்டும் மோதினால் எது வெல்லும் என்பதும் இதனால் விளங்கும்.

அடுத்து வந்தது ஜேர்மனியின் அவுடி. நான்கு சில்லுக்கும் விசை செல்லும் அமைப்பு ஜீப் வண்டிக்கே உரியது எனப் பலர் எண்ணியிருந்த காலத்தில், அதனை வேகக் காரில் வைத்து 1982, 1984 ஆண்டுகளிற் பட்டம் வென்றது. பிரான்சின் பீஜோ தன் சிறிய 205 காரின் பெயரை நிலைநாட்ட வந்து 1985, 1986 ஆண்டுகளில் வென்றது. அன்றைய பி பிரிவு விதிப்படி 200 கார்கள் செய்தாற் போதும். எனவே கம்பனிகள் போட்டிக்கென்றே கட்டுக்கடங்காத வேகமுள்ள கார்களைப் படைத்தன. 1986 மார்ச்சில் போர்த்துக்கலில் ஒரு கார் கூட்டத்துட் பாய்ந்து பார்வையாளர் மூவர் மாண்டனர். மே 2ஆந் திகதி கோர்சிக்காத் தீவில் ஹென்றி தொய்வொனன் என்னும் இளஞ்சாரதியும் அவர் துணைவர் சேர்ஜியோ கிரெஸ்ரோவும் எரியும் வண்டியில் உயிரிழந்தனர். 1987 முதல் அப்பிரிவு உலகப் பட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அவுடி அந்த 1986இலேயே விலகியது. பீஜோ பாலைவனத்தைத் தேடிப் பரிஸ் – டாக்கார் ஓட்டத்துக்குச் சென்று 1987 முதல் 1990 வரை வென்றது. விதியொன்று மாறினால் வீரர் களம் மாறுவர்.

பின்வந்த ஏ பிரிவு விதியோ ஆண்டுக்கு 5,000 கார்கள் செய்தல் வேண்டும் என்றது. சாதாரண மக்களுக்கு விற்கும் காரையே ஓட்ட வேண்டிய நிலை வந்தது. லான்சியா டெல்ரா 1987 முதல் 1992 வரை ஆறாண்டு பட்டத்தை விடவில்லை. ஆயினும் கம்பனி 1991 முடிவிலேயே நேரடியாகப் பங்குகொள்வதை நிறுத்திக்கொண்டது. பெரிய தொழிற்சாலைகளை உடைய யப்பானியர்க்கு அவ்விதி வாய்ப்பாயிற்று. ரொயோட்டா 1993, 1994 ஆண்டுகளிலும், சுபாரு 1995 முதல் 1997 வரையும், மிற்சுபிஷி 1998இலும் பட்டம் பெற்றன. இடையே 1995இல் விதிக்கு மாறான கருவியைப் பொருத்தியமைக்காக ரொயோட்டா ஓராண்டு விலக்கப்பட்டது. திரும்பி வந்து 1999இற் பட்டம் வென்றது. வென்ற கையோடு போர்மியூலா ஒன் பந்தயத்தை நாடிப் போய்விட்டது.

2005 முடிவில் பீஜோ, சித்ரோன், மிற்சுபிஷி ஆகிய மூன்றும் விலகின. சித்ரோன் மட்டும் 2007இல் மீண்டது. 2008 உலகப் பொருளாதார நெருக்கடியின்போது, டிசம்பர் மாதத்தில் அடுத்தடுத்த நாட்களில் சுசூக்கியும் சுபாருவும் அகன்றன. சுசூக்கி முழுமையாக ஓடியது ஒரேயோர் ஆண்டு. பின்னர் வோக்ஸ்வாகன் வந்து 2013 முதல் 2016 வரை நான்கு ஆண்டும் தோல்வியே அறியாதது போல் வென்றது. ஆனால் 2015 செப்ரெம்பரில் அக்கம்பனி தன் டீசல் கார்களின் புகைச் சோதனையில் மோசடி செய்தமை அம்பலமாயிற்று. அபராதத்துக்கும் மின்சாரக் காருக்கும் பணம் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டுக்கான கார் ஆயத்தமாக இருந்தபோதும், 2016 நவெம்பரில் விலகல் அறிவிக்கப்பட்டது. சித்ரோன் 2019இல் மீண்டும் சென்றது. மறுபுறம் ஹுண்டாய் 2014இலும் ரொயோட்டா 2017இலும் களம் புகுந்தன.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் சில உண்மைகள் புலனாகும். கம்பனி வருவது தன் காரின் பெயரைப் பரப்ப. புதுச் சந்தையைப் பிடிக்க. தன் பொறியியலைச் சோதிக்க. விதி தனக்குச் சாதகமாயிருக்கையில் அதன் பயனைப் பெற. அது போவது பணம் சுருங்கியபோது; நிர்வாகம் மாறியபோது; விதி மாறியபோது; விபத்தோ அவமானமோ நேர்ந்தபோது; வெல்ல வேண்டியதை வென்று முடித்தபோது. தோற்றவரே போவர் என்பது தவறு, வென்றவரும் போவர். போட்டியை நடத்துவோரும் இதனை உணர்ந்தே, 2027 முதல் புதிய விதிப்படி ஒரு காரின் விலை 3,45,000 யூரோவைத் தாண்டலாகாது எனக் கட்டுப்படுத்தியுள்ளனர். செலவு குறைந்தால் வருவோர் பெருகுவர் என்பது அவர்தம் எண்ணம்.

கம்பனி போனபின் எஞ்சுவது யாது? இதற்கு விடை இங்கிலாந்தின் வடமேற்கே, மலையும் ஏரியும் சூழ்ந்த கம்பிரியா என்னும் நாட்டுப்புறத்தில் உள்ளது. அங்கே எம்-ஸ்போர்ட் என்னும் பட்டறை போர்ட் கம்பனியின் ராலிக் கார்களைச் செய்து வந்தது. 2012 முடிவில் போர்ட் தன் கையை எடுத்துக்கொண்டது. பட்டறையை மூடியிருக்கலாம், மூடவில்லை. தொழிலாளர் கற்ற தொழிலைக் கைவிடவில்லை. 2016இல் வோக்ஸ்வாகன் விலகியபோது வேலையிழந்த சம்பியன் சாரதி செபாஸ்தியன் ஓஜியே அப்பட்டறையைத் தேடி வந்தார். 2017இல் ரொயோட்டா, ஹுண்டாய், சித்ரோன் என்னும் பெருங்கம்பனிகள் மூன்றையும் வென்று, உற்பத்தியாளர் பட்டம், சாரதிப் பட்டம் இரண்டையும் அச்சிறு பட்டறையே தட்டிச் சென்றது! பணம் போய்விட்டது, கைத்திறன் போகவில்லை.

இப்பொழுது பெரியோரின் வினாவுக்கு வருவோம். கம்பனி வருவதும் போவதும் நம் மலைநாட்டுக்குத் தெரியாத கதையா? 1869இல் கோப்பிச் செடியிற் பூஞ்சண நோய் கண்டது. இருபது ஆண்டு செல்லுமுன் கோப்பித் தோட்டங்கள் பாழாயின. முதலாளிமாருட் பலர் தோட்டத்தை விட்டுப் போயினர். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெய்லர் தொடங்கிய தேயிலை பின்னர் மலையெங்கும் பரவியது. புதிய கம்பனிகள் வந்தன. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. லண்டன் கம்பனிகள் போயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பெயர்ப்பலகை எத்தனை முறை மாறிற்று! துரை மாறினார், கொடி மாறியது, கொழுந்துக் கூடை மட்டும் மாறவில்லை. கம்பனி போகும், போக இடமில்லாதவன் இருப்பான். இருப்பவன் கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. தேயிலை பறிக்கும் கைக்கு அத்தொழிலின் முழு நுட்பமும், கணக்கும், சந்தையும் கற்பிக்கப்படவில்லை. கம்பிரியாத் தொழிலாளிக்கும் நமக்குமுள்ள வேறுபாடு அதுவே.

ஆகவே வாலிப அன்பர்களே! இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கொழும்பிலும் கண்டியிலும் ஹற்றனிலும் கராஜ்களில் வேலை செய்கிறார்கள். ஸ்பானரைப் பிடிப்பதோடு நின்றுவிடாதீர்கள். எஞ்சினையும், மின்சாரத்தையும், கணினியையும் முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெறுங்கள். சென்னையில் ரயர் செய்யும் எம்.ஆர்.எப். கம்பனியின் குழு 2013, 2016, 2017 ஆண்டுகளில் கௌரவ் கில் என்னும் இந்தியரைச் சாரதியாகக் கொண்டு ஆசிய பசுபிக் ராலிப் பட்டத்தை வென்றது. நம் அயலார்க்கு இயன்றது நமக்கு இயலாதோ?

பெரியோர்களே! பிள்ளைக்கு ஒரு வேலை கிடைத்தாற் போதும் என எண்ணி இருந்துவிடாதீர்கள். வேலை கம்பனியுடையது, தொழிலறிவு பிள்ளையுடையது. கம்பனி தரும் வேலையைக் கம்பனியே மீளப் பெறலாம். பிள்ளை கற்ற தொழிலை யாரும் மீளப் பெறுதல் இயலாது. அதனைத் தேடிக் கொடுப்பதே நம் தலைமுறையின் கடனாகும்.