முடி போனது, தோட்டம் பிழைத்தது

ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போகிறவர்கள் ஒரு பகல் முழுக்கச் சுற்றிப் பார்க்கும் இடம் ஹெரன்ஹாவுசன் அரண்மனைத் தோட்டம். பரப்பு சுமார் 50 ஹெக்டேர். மூன்று பக்கம் அகழி. அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போன்ற பாதைகள், கத்தரித்த செடிவேலிகள்.

இதை இப்படி உருவாக்கியவர் ஹனோவர் அரசகுலத்துச் சோஃபியா. 1696 முதல் பிரெஞ்சுத் தோட்டக் கலைஞர் சார்போனியேவைக் கொண்டு விரிவுபடுத்தினார். தத்துவஞானி லைப்னிட்ஸ் அவருடைய நண்பர். ஒரே மாதிரி இரண்டு இலைகள் கிடையாது என்று லைப்னிட்ஸ் சொல்ல, நம்பாத ஒரு பிரபு இங்கேதான் தேடித் தேடித் தோற்றுப்போனார்!

சோஃபியா இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் பேத்தி, புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கர் அரசாளக் கூடாது என்று 1701ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆன் அரசிக்கு வாரிசு இல்லாவிட்டால் முடி சோஃபியாவுக்கு என்றானது.

1714 ஜூன் 8. தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தார் 83 வயது சோஃபியா. திடீரென்று மழை. ஒதுங்க விரைந்தவர் சரிந்து விழுந்து இறந்தார். சுமார் இரண்டே மாதத்தில் ஆன் அரசியும் மறைந்தார். சோஃபியாவின் மகன் ஜார்ஜ் மன்னரானார்.

அவரோடு அரசவையும் லண்டன் போயிற்று. பின்னாளில் ஐரோப்பாவெங்கும் பழைய தோட்டங்களை அழித்து, இயற்கையாகத் தெரியும் ஆங்கில பாணிக்கு மாற்றினார்கள். மன்னர் இல்லாத ஹெரன்ஹாவுசனை யாரும் அப்படி மாற்றவில்லை.

1943 குண்டுவீச்சில் அரண்மனை அழிந்தது. மீண்டும் கட்டித் திறந்தது 2013ல்தான். ஆனால் சோஃபியா வகுத்த பாதைகளில் இன்றும் நடக்கலாம். அவரும் அங்கே சிலையாக அமர்ந்திருக்கிறார்.