சுண்ணச்சாந்தும் சீமெந்தும்: யாழ்ப்பாணத்துப் பழஞ்சுவர்கள் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியிற் பரந்து கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லாகும். கிணற்றுக்கு நீரையும் சுவருக்குச் சாந்தையும் வழங்கியது அக்கல்லே. கோட்டையைக் கட்டியவர் யார், கைப்பற்றியவர் யார் என்பனவற்றை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. அதன் கற்களைப் பிணைத்து நின்ற சாந்தைப் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை. பழங்கட்டடங்கள் பல இன்று அழிவது காலத்தினால் மட்டுமன்று, சாந்தின் இயல்பறியாது செய்யப்படும் திருத்தத்தினாலும் ஆகும்.

சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்திற் சுடப்படும் சுண்ணக்கல்லோ முருகைக்கல்லோ காபனீரொட்சைட்டை இழந்து சுட்ட சுண்ணாம்பாகின்றது. அதனை நீற்றி மணலுடன் குழைத்துப் பூசினால், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகும். தடித்த சுவராயின் இதற்கு ஆண்டுகள் பல செல்லும். தமிழகத்துக் கொத்தர் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் இதனுடன் சேர்த்தனர். இப்பூச்சு நுண்டுளைகள் நிறைந்தது; சுவரில் ஏறும் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிவிடும். ஈரத்தோடு வரும் உப்பும் பூச்சிலேயே படிந்து அதனை உதிர்க்கும். பூச்சு உதிர்வதைக் குறையெனக் கொள்வது தவறு. தான் அழிந்து சுவரைக் காப்பதே அதன் தொழில்.

1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அமைத்த ஐங்கோணக் கோட்டையும், அதனுள் 1706 இல் எழுந்த தேவாலயமும் இம்மரபுக்குச் சான்றாயின. தேவாலயம் போரில் அழிந்தது. கோட்டை, 2009 இல் போர் முடிந்த பின்னர் நெதர்லாந்து அரசின் உதவியுடன் மீளமைக்கப்படலாயிற்று.

1824 இல் இங்கிலாந்தில் யோசேப் அஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போட்லன்ட் சீமெந்து, 1950 முதல் காங்கேசன்துறையிலேயே உற்பத்தியாயிற்று. போரினால் 1990 இல் ஆலை மூடப்பட்டது. குடாநாட்டின் சுண்ணக்கல்லே அங்கு சீமெந்தாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரே கல்லின் பிள்ளைகளாயினும் இவை ஒத்துப்போவனவல்ல. விரைந்து இறுகும் சீமெந்துப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். கடற்காற்றும் உப்பும் மிகுந்த இந்நிலத்தில், அடைபட்ட உப்பு பூச்சின் பின்னே பளிங்காகி முருகைக்கல்லையே பொடியாக்கும். சில ஆண்டுகளில் வன்பூச்சு பலகைபோலக் கழன்று விழும்போது கல்லின் முகமும் உடன் போய்விடும்.

ஆதலின், கூரை ஒழுக்கையும் நீர் தேங்குமிடத்தையும் கண்டு திருத்திய பின்னரே பூச்சில் கைவைத்தல் தகும். சீமெந்தை உளியால் மெல்லப் பெயர்த்து, சுவரை நனைத்து, மெல்லிய படைகளாகப் பூசி, ஈரச்சாக்கினால் மூடிக் காத்தல் வேண்டும். பழஞ்சாந்தின் கலவையை அறிய அமிலத்திற் கரைத்து எஞ்சும் மணலை நிறுப்பது வழக்கம். யாழ்ப்பாணத்தில் இம்முறை ஏமாற்றக்கூடும். சிப்பியும் முருகைத்துகளும் கலந்த கரையோர மணலாயின் அதுவும் அமிலத்திற் கரைந்துவிடும். மெல்லிய சீவலாக்கி நுணுக்குக்காட்டியில் நோக்குவதே தக்க வழி.

பழஞ்சுவருக்கு ஒத்த சுண்ணாம்பைப் பெறுவதும் இன்று எளிதன்று. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்தல் சட்டத்தினால் தடுக்கப்பட்டுள்ளது, அத்தடை நியாயமானதே. மாத்தளைப் பகுதியின் தொலமைற்றுச் சுண்ணாம்போ மகனீசியம் மிகுந்தது, நீறுவதற்கு நெடுநாள் எடுப்பது. ஒப்பந்த நாளுக்கு அஞ்சி முற்றாக நீறுமுன் பூசிவிட்டால், அது சுவரிலேயே நீறி விரிந்து பூச்சைப் பிளக்கும்.