சுப்பிரமணியன் சந்திரசேகரின் ஆய்வுப் படைப்புகளும் மேற்கோள் தாக்கமும்

சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995) சென்னை மாநிலக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வானியற்பியலாளர். 1983இல் வில்லியம் ஃபவுலருடன் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நானூறுக்கு நெருக்கமான ஆய்வுத்தாள்களையும் பல நூல்களையும் எழுதினார். தேர்ந்தெடுத்த தாள்களை மட்டுமே சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் ஏழு தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. நோபல் பரிசோடு பெரிதும் பேசப்படும் ஆய்வு ஒன்று. பிற துறையினர் ஓயாமல் மேற்கோள் காட்டுபவை வேறு.

ஒரு துறையை எடுத்துக்கொண்டு, சில ஆண்டுகள் அதிலேயே மூழ்கி, தாள் தாளாக எழுதி, கடைசியில் நூலாக்கிவிட்டு அடுத்த துறைக்கு நகர்வது அவர் வழக்கம். விண்மீன்களின் கட்டமைப்பு பற்றிய நூல் 1939இலும், கதிர்வீச்சுக் கடத்தல் பற்றியது 1950இலும், பாய்மங்களின் நிலைத்தன்மை பற்றியது 1961இலும், கருந்துளைகள் பற்றியது 1983இலும் வந்தன. ஒவ்வொன்றும் அந்தந்தத் துறையில் அடிப்படை நூலாயிற்று. அதனால் அவருக்குரிய மேற்கோள்களில் பெரும்பங்கு நூல்களுக்கே போகிறது. ஆய்விதழ்த் தாள்களை மட்டும் எண்ணும் கணக்கில் இந்தப் பங்கு விடுபட்டுவிடும்.

நோபல் பரிசோடு பேசப்படும் ஆய்வான, வெண்குறுமீன்களின் உச்ச நிறை பற்றிய தாள் 1931இல் ‘ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ இதழில் இரண்டே பக்கங்களில் வெளிவந்தது. அதில் அவர் கண்ட எல்லை சூரிய நிறையைப் போல் 0.91 மடங்கு. இன்று ஏற்கப்படும் மதிப்பு ஏறத்தாழ 1.44; கணக்கில் கொண்ட சராசரி மூலக்கூறு எடையே வேறுபாட்டுக்குக் காரணம். 1935இல் லண்டனில் நடந்த ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் வானியற்பியலாளர் ஆர்தர் எடிங்டன் இம்முடிவை வெளிப்படையாக மறுத்தார். பின்னாளில் அது ‘சந்திரசேகர் எல்லை’ என்றே பாடநூல்களில் நிலைபெற்றது. இப்போது அதைப் பயன்படுத்துவோர் பெயரைச் சொன்னால் போதும், மூலத்தாளைச் சுட்ட வேண்டியதில்லை. ஒரு கண்டுபிடிப்பு பொது அறிவாகிவிட்டால் அதற்கான மேற்கோள் மறைந்துபோகும் இப்போக்கைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கியிருக்கிறார்.

மாறாக, ‘ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் பிசிக்ஸ்’ இதழில் 1943இல் வெளியான 89 பக்கக் கட்டுரை அவருடைய தாள்களில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று. வானியலும் இயற்பியலும் தலைப்பில் இருந்தாலும், உள்ளடக்கம் தற்செயல் நகர்வு, பிரவுனியன் இயக்கம், கூழ்மத் துகள்கள் மோதி ஒட்டிக்கொள்ளும் விதம், ஆற்றல் தடையைத் துகள் தாண்டும் வாய்ப்பு என்று விரிகிறது. பாலிமர் சங்கிலியின் வடிவத்தைக் கணக்கிடும் வேதியியலாளருக்கும், விண்மீன் கூட்டங்களை ஆராயும் வானியலாளருக்கும் இதே சமன்பாடுகள் தேவைப்படுகின்றன. புதிய உண்மை ஒன்றை அறிவிக்கும் தாளைவிட, பலருக்கும் கைகொடுக்கும் கணித முறையைத் தெளிவாக எழுதிவைத்த தாள் பரவலாக எடுத்தாளப்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

கதிர்வீச்சுக் கடத்தல் நூலின் வீச்சும் அப்படிப்பட்டது. விண்மீன் வளிமண்டலத்துக்காக எழுதிய கோட்பாடு பகல் வானத்து ஒளியின் துருவப்படுத்தலை விளக்கியது. செயற்கைக்கோள் தொலையுணர்வு, உடல் திசுக்களில் ஒளி சிதறுவதை ஆராயும் மருத்துவ ஒளியியல், மேகத்தையும் புகையையும் திரையில் வரையும் கணினி வரைகலை ஆகியவற்றிலும் அந்நூல் எடுத்தாளப்படுகிறது.

சில தாள்கள் நெடுங்காலம் உறங்கின. சுழலும் மின்கடத்துப் பாய்மத்தில் மெல்லிய காந்தப்புலம்கூட நிலைகுலைவை உண்டாக்கும் என்று சோவியத் இயற்பியலாளர் எவ்கெனி வெலிகோவ் 1959இலும், சந்திரசேகர் 1960இலும் காட்டினர். 1991இல் ஸ்டீவன் பால்பஸும் ஜான் ஹாலியும், கருந்துளை போன்ற பொருள்களைச் சுற்றும் வாயுத் தட்டில் பொருள் ஏன் உள்நோக்கி விழுகிறது என்ற நெடுநாள் கேள்விக்கு இந்நிலைகுலைவே விடை என்று நிறுவினர். அதன் பிறகே அவ்விரு தாள்களும் வானியலில் தொடர்ந்து மேற்கோள் காட்டப்படலாயின. ஐந்தாண்டுக்குள் வரும் மேற்கோள்களை வைத்து 1960ஆம் ஆண்டுத் தாளை மதிப்பிட்டிருந்தால் அதன் முதன்மை தெரிந்திருக்காது.

1953இல் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியுடன் சேர்ந்து எழுதிய தாள், விண்மீன் ஒளியின் துருவப்படுத்தலிலிருந்து விண்மீனிடைக் காந்தப்புலத்தின் வலிமையை மதிப்பிட வழிகாட்டியது. மூலக்கூறு மேகங்களின் காந்தப்புலத்தை அளப்போர் அம்முறையைத் திருத்தங்களோடு இன்றும் கையாள்கின்றனர்.