முன்னாள் படைவீரர் நினைவு

படையில் பணியாற்றி, ஓய்வு பெற்று ஊர் திரும்பி, குடும்பத்தோடு வாழ்ந்து முதுமையில் மறைந்தவரை நினைவுகூரும் வழக்கம். போரில் மாண்டவரைப் போற்றும் மரபு தமிழகத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது; திரும்பி வந்தவரின் நினைவோ பெரும்பாலும் வீட்டுச் சுவரைத் தாண்டியதில்லை. ஆனால், படைத்தொழில் ஊர்களில் வேரூன்றியதற்குத் திரும்பி வந்தவர்களே பெரிதும் காரணம் என்பதால், அவர்களை விட்டுவிட்டு எழுதும் படை வரலாறு பாதி வரலாறே.

மாண்டவரைப் போற்றும் மரபின் தொடக்கம் நடுகல். கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை அதற்கான ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு எடுக்கப்பட்டது. பல்லவர் காலச் செங்கம் நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரனைக் காணலாம். சில கற்களில் அம்பு தைத்த உடலும் உண்டு. கல் காட்டுவது ஒருவன் இறந்த கணத்தை. அவன் வாழ்ந்த ஆண்டுகளுக்கு அதில் இடமில்லை. எனினும், மாண்டவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் வழங்கப்பட்டது. வீரனுக்கு ஒரு வீடு உண்டு என்பதை அக்காலம் மறக்கவில்லை.

முதல் உலகப் போருக்குப் பின் தமிழக ஊர்கள் பலவற்றில் பதிக்கப்பட்ட கல்வெட்டுப் பலகைகள், ஊரிலிருந்து போருக்குப் போனவர் எத்தனை பேர், அவர்களில் உயிர்விட்டவர் எத்தனை பேர் என்று கூறின. திரும்பியவர் முதன்முறையாகப் பொதுக் கணக்கில் ஏறினார். அதுவும் பெயரில்லாமல், கழித்துப் பார்த்தால் கிடைக்கும் எண்ணாக. பின்னர் வந்த நினைவிடங்கள் பழைய வழிக்கே திரும்பின. 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் 25,942 பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அனைவரும் பணியில் உயிர்நீத்தவர்கள்.

உயிரைக் கொடுத்தவருக்குத் தனி மரியாதை வேண்டாமா, எல்லாரையும் போற்றினால் அதன் மதிப்புக் குறையாதா என்று கேட்கலாம். தனி மரியாதை வேண்டியதே. ஆனால் களத்தில் யார் வீழ்வார், யார் மீள்வார் என்பது படையில் சேரும்போது எவருக்கும் தெரியாது. இருவரும் ஏற்ற ஆபத்து ஒன்றே. திரும்பியவருக்குத்தான் ஓய்வூதியம் உண்டே என்பது அடுத்த மறுப்பு. ஓய்வூதியம் செய்த பணிக்கான உரிமை. அதை நினைவுச் சின்னமாகக் கொள்ள முடியாது. புகழ்பெற்றவர்கள் மறக்கப்படுவதில்லையே என்றால், ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவைப் பார்க்கலாம். ஓய்வுக்குப் பின் குன்னூரில் வாழ்ந்து, 2008 ஜூன் 27 அன்று 94 வயதில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்தார். உதகை பார்சி கல்லறைத் தோட்டத்தில் மனைவியின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர் இறுதிச் சடங்குக்குப் பிரதமர் வராதது அப்போதே விமர்சனத்துக்கு உள்ளானது. இன்றும் அவர் பெயரோடு பேசப்படுவது 1971 போர்தான். குன்னூரில் கழிந்த முப்பத்தைந்து ஆண்டுகள் அல்ல.

பேசப்படும் படைப்பணிக்கும் பேசப்படாத பிற்கால வாழ்வுக்கும் உள்ள இந்த இடைவெளி சாதாரணச் சிப்பாய்க்கு இன்னும் பெரிது. பதினெட்டு வயதில் சேர்ந்து, பதினைந்து ஆண்டுப் பணியில் ஓய்வூதியத் தகுதி பெற்றவருக்கு, சீருடைக்குப் பிந்தைய வாழ்க்கையே நீண்டது. ஊரார் அவரை மிலிட்டரிக்காரர் என்றே அழைப்பார்கள். அவர் மறைந்த பின் வீட்டில் எஞ்சுவது, சீருடையில் எடுத்த படமும், மூடியில் வெள்ளைப் பெயிண்டால் எண்ணும் பெயரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியும். டிஸ்சார்ஜ் புத்தகத்தை மனைவி பத்திரமாக வைத்திருப்பார். குடும்ப ஓய்வூதியச் சிக்கல் எதற்கும் முதலில் தேடப்படுவது அதுதான். ராணுவப்பேட்டை என்று பெயர்பெற்ற வேலூர் மாவட்டக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் மகனும் பேரனும் படைக்குப் போவது, விடுப்பில் வந்து போனவர்களையும் ஓய்வு பெற்று வந்தவர்களையும் பார்த்துத்தான். பென்ஷன், கேன்டீன் என்ற கணக்கும் அதில் உண்டு. அந்தக் கணக்கைக் கண்முன் வாழ்ந்து காட்டியவர்களும் ஓய்வு பெற்று வந்தவர்கள்தான். எனவே, ஊருக்கு ஊர் முன்னாள் படைவீரர் பெயரும் பணிக்காலமும் திரும்பிய பின் செய்த தொழிலும் பதிவாக வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் ஏடுகளிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.