கல் இல்லாத நாட்டில் ஒரு கிராவல் பாதை: நியூ டவுனிலிருந்து இச்சாமதி வரை

வங்கக் கழிமுகத்தில் இயற்கையாகக் கிடைக்கும் கல் என்பது அநேகமாக இல்லை. கங்கையும் அதன் கிளையாறுகளும் கொண்டுவந்து சேர்த்த வண்டலே அங்கு நிலம். சாலை போட வேண்டுமானால் அந்த வண்டலை அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு, செங்கல்லாக்கி, பின் அச்செங்கல்லை உடைத்துத்தான் ஜல்லி செய்தாக வேண்டும். வங்காளிகள் இதைக் ‘கோயா’ என்பர். தமிழ்நாட்டில் பழைய மொட்டைமாடிகளில் சுண்ணாம்புடன் சேர்த்து இடிக்கப்பட்ட செங்கல் ஜல்லியும் இதுவும் ஒன்றே. கொல்கத்தாவின் கிழக்கே, வடக்கு இருபத்துநான்கு பர்கானா மாவட்டத்தின் ஊர்ச்சாலைகளும் ஆற்றங்கரை அணைகளும் பலவிடங்களில் இந்தச் செங்கல்லால் ஆனவை.

தார்ச்சாலை மிதிவண்டிக்கும் மலைப்பாதை மிதிவண்டிக்கும் இடைப்பட்ட, சற்று அகன்ற சக்கரப் பட்டைகள் கொண்ட வண்டியில் சரளைப் பாதைகளில் நெடுந்தொலைவு செல்வது ‘கிராவல் பைக்கிங்’ எனப்படுகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மேய்ச்சல் நிலங்களில் 2006இல் தொடங்கிய போட்டி இதைப் பரவலாக்கியது. 2022இல் இத்தாலியில் முதல் உலக வாகையர் போட்டி நடந்தது. ஐரோப்பாவில் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்துக்கு உகந்த நிலம் என்று கருதப்படுபவை ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் பழைய எல்லை நகரங்களுமே. பனிப்போர்க் கால இரும்புத்திரையின் தடத்தைப் பின்பற்றும் ‘யூரோவெலோ 13’ என்னும் மிதிவண்டிப் பாதை இதற்குத் தக்க சான்று. அங்கே பெரும்பகுதியும் செத்துப்போன எல்லை, பாதையாகிவிட்டது. நியூ டவுனிலிருந்து கிழக்கே செல்லும் பாதை முடிவதோ உயிருள்ள ஓர் எல்லையில். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு அப்பாதையைப் படிக்க இயலாது.

தொடக்கப் புள்ளியான நியூ டவுனே ஒரு வரலாற்று ஆவணம். 1999இல் நிறுவப்பட்ட ஹிட்கோ என்னும் அரசு நிறுவனம் ராஜர்ஹாட் பகுதியின் வயல்களையும் மீன்பண்ணைகளையும் கையகப்படுத்தி இந்நகரை எழுப்பியது. இன்று இங்கு மிதிவண்டிக்கெனத் தனித்தடங்கள் உள்ளன. பக்கத்துக் கொல்கத்தாவிலோ 2013இல் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. பால்காரர், செய்தித்தாள் போடுபவர், கூலித்தொழிலாளி ஆகியோரின் வாகனம் ஓரிடத்தில் இடையூறாகவும், அதே வாகனம் இன்னோரிடத்தில் நகர அழகாகவும் கருதப்படுவது எவ்வாறு என்பது சமூகவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி. நிலத்தை இழந்த உழவர் குடும்பங்களின் மனக்குறையும் இத்தடங்களின் அடியில் உண்டு.

ராஜர்ஹாட்டைக் கடந்து காரிபாரி வழியே ஹாரோவாவை அடைந்தால் பித்யாதரி ஆறு. ஒருகாலத்தில் கொல்கத்தாவின் கழிவுநீரைக் கடலுக்குக் கொண்டுசென்ற இந்த ஆற்றின் மேற்பகுதி வண்டல் படிந்து தூர்ந்து, 1928இல் வடிகாலாகப் பயன்படாது எனக் கைவிடப்பட்டது. அலைநீர் வரத்து நின்ற உப்பு ஏரிகளில் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்க அப்பகுதி மீனவர் கற்றனர். எஞ்சிய சதுப்புநிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இதே நிலத்தின் ஊடே மார்ட்டின் நிறுவனத்தின் குறுகிய இருப்புப்பாதையும் ஓடியது. பாராசாத்தையும் பசீர்ஹாட்டையும் இணைத்த அந்தச் சிறுரயில் 1955இல் நிறுத்தப்பட்டது. அகலப்பாதை ரயில் ஹாஸ்னாபாத்தை எட்டியது 1962இல். ஆறு தூர்ந்தது, ரயில் மறைந்தது. நடப்பவனுக்கும் மிதிவண்டிக்காரனுக்கும் உரிய கரைப்பாதைகள் மட்டும் தொடர்ந்தன.

ஹாரோவாவுக்கு வடக்கே பேராசாம்பா. அங்கே சந்திரகேதுகரின் மண்மதில்கள் இன்றும் மேடாகத் தெரிகின்றன. 1950களின் நடுவில் தொடங்கிக் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகம் இங்கு அகழாய்வு நடத்தியது. சுடுமண் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற இந்நகரே கிரேக்க நூல்கள் கூறும் ‘கங்கே’ துறைமுகம் எனக் கருதுவோர் உண்டு. தமிழ் மாணவர் இங்கு இறங்கி நிற்கக் காரணம் இருக்கிறது. 1945இல் அரிக்கமேட்டில் மார்டிமர் வீலர் வெளிக்கொணர்ந்த ரூலெட் வகை மட்கலன்கள் இங்கும் கிடைத்துள்ளன. அக்கலன்களின் களிமண்ணை ஆராய்ந்த விஸ்வாஸ் கோக்தே, அவை சந்திரகேதுகர் – தாம்லுக் வட்டாரத்தில் வனையப்பட்டிருக்கலாம் என 1997இல் எழுதினார். விவாதம் முடிந்துவிடவில்லை, எனினும் காவிரிப்பூம்பட்டினத்தில் கங்கைப் பொருள் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை சொல்வதைப் படித்தவருக்கு, அப்பொருள் புறப்பட்ட கரைகளுள் ஒன்று இதுவாக இருக்கலாம் என்னும் எண்ணம் எழாமல் இராது.

கிழக்கே பாதுரியா வட்டாரத்தில் நாரிகேல்பேரியா என்னும் சிற்றூர். திதுமீர் என அறியப்படும் மீர் நிசார் அலி, ஜமீன்தார்களுக்கும் அவுரித் தோட்ட முதலாளிகளுக்கும் எதிராகக் குடியானவரைத் திரட்டி மூங்கிலால் கோட்டை கட்டியது இங்கேதான். தாடி வைத்தவர் மீது ஜமீன்தார் ஒருவர் வரி விதித்ததும் அக்கிளர்ச்சியின் காரணங்களுள் ஒன்று. 1831 நவம்பர் 19 அன்று கும்பினிப் படையின் பீரங்கிகள் அக்கோட்டையைத் தகர்த்தன. திதுமீர் போரில் மாண்டார். தளபதி குலாம் மாசூம் தூக்கிலிடப்பட்டார். கல்லில்லாத நாட்டில் மூங்கிலே மதில். பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையின் கதையை அறிந்த தமிழர்க்கு இது அந்நியமான செய்தியன்று.

பசீர்ஹாட்டைத் தாண்டினால் செங்கல் சூளைகளின் புகைபோக்கிகள், அவற்றுக்கு அப்பால் இச்சாமதி. ஆற்று வண்டல் செங்கல்லாகிப் பாதையாவது இங்கே கண்ணெதிரே நடக்கிறது. பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் புதினத்துக்குப் பெயர் தந்த இந்த ஆறு, டாகி நகரின் எதிரே இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் எல்லை. ஆறு இயற்கை எல்லை, ஆகவே நாட்டெல்லையும் அதுவே என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். வரலாறு வேறு சொல்கிறது.

1882க்கு முன் இரு கரைகளும் ஒரே மாவட்டம். மறுகரையிலுள்ள சாத்கீரா உட்கோட்டம் இருபத்துநான்கு பர்கானாவைச் சேர்ந்ததாக இருந்தது. அவ்வாண்டில் ஆட்சியாளர் குல்னா என்னும் புதிய மாவட்டத்தை உருவாக்கியபோது, ஜெஸ்ஸோரின் இரண்டு உட்கோட்டங்களோடு சாத்கீராவையும் அதில் சேர்த்தனர். இடம் மாறியவை கோப்புகளும் கச்சேரியும் மட்டுமே; படகுகள் எப்போதும்போல் போய்வந்தன. 1947 ஜூலை 8 அன்று இந்தியா வந்த சிரில் ராட்கிளிஃப்புக்குக் கிடைத்தவை ஐந்து வாரங்களும் இத்தகைய மாவட்ட, தாணா எல்லைகள் குறித்த வரைபடங்களும். ஆகஸ்ட் 17 அன்று வெளியான தீர்ப்பில், தெற்கே வங்கக் கடல் வரை குல்னாவுக்கும் இருபத்துநான்கு பர்கானாவுக்கும் இடைப்பட்ட மாவட்ட எல்லையே நாட்டெல்லை ஆனது. இந்துப் பெரும்பான்மை கொண்ட குல்னா பாகிஸ்தானுக்கும், முஸ்லிம் பெரும்பான்மை கொண்ட முர்ஷிதாபாத் இந்தியாவுக்கும் சென்றன. நிர்வாக வசதிக்காக 65 ஆண்டுகளுக்கு முன் இழுக்கப்பட்ட கோடு, ஒரு வாரத்தில் குடும்பங்களைப் பிரிக்கும் கோடாயிற்று.

இன்று டாகியின் கரையில் நிற்பவர் மறுகரையில் தேபஹாட்டாவின் மரங்களைக் காண்கிறார். ஒருகாலத்தில் விஜயதசமியன்று இரு கரைத் துர்க்கை படகுகளும் நடு ஆற்றில் கலந்தன. பிற்காலத்தில் காவல் படகுகள் கோடு காக்க, அவரவர் தம் பக்கத்திலேயே கரைக்கும் நிலை வந்தது. எல்லையோரச் சில பகுதிகளில் அடையாள அட்டையைக் காட்டிய பின்னரே மிதிவண்டி நகரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையே இப்பாதை உகந்தது. மழையில் வண்டல் வழுக்கும், சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு நகரவிடாது.

தேபஹாட்டாவை அடுத்த ஸ்ரீபூர், பிதான் சந்திர ராயின் மூதாதையர் ஊர். மருத்துவரான அவர் 1948 முதல் 1962 வரை மேற்கு வங்க முதலமைச்சராக இருந்து, பிரிவினையால் வந்த அகதிகளின் பெருஞ்சுமையைத் தாங்கினார். அவருடைய திட்டத்தின்படி ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து உப்பு ஏரியை நிரப்பி எழுப்பிய நகரம் பின்னர் பிதான்நகர் எனப் பெயர் பெற்றது. அது நியூ டவுனின் அண்டை நகர். அவர் பிறந்த ஆண்டும் 1882.

பாதை புறப்படும் இடத்தருகே அவர் பெயர். பாதை முடியுமிடத்தில், கண்ணுக்கெட்டும் தொலைவில், கடவுச்சீட்டின்றிப் போகமுடியாத அவரது ஊர். இரண்டும் ஒரே வண்டல்தான். பிரிவினையைப் படிக்கும் மாணவர் தீர்ப்பாவணத்தைப் படிப்பதோடு, அது எந்தப் பழைய மாவட்டக் கோட்டின்மேல் எழுதப்பட்டது என்பதையும் தேட வேண்டும். அத்தேடலுக்கு ஆவணக்காப்பகம் வேண்டும். இச்சாமதியின் செங்கல் பாதையில் ஒரு பகல் பயணமும் வேண்டும்.